தன்கண் நகையும் பிறன்கண் நகையும்: ரொமேஷ் ரங்கநாதனின் மேடை, தொலைக்காட்சி, விருதுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புலம்பெயர் தமிழரின் கலை வெளிப்பாடுகளை ஆராயும் தமிழ் ஆய்வுகள் கவிதை, புனைகதை, நினைவுக்குறிப்பு ஆகியவற்றையே பெரிதும் எடுத்துக்கொள்கின்றன. தனிமேடை நகைச்சுவை அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த ரொமேஷ் ரங்கநாதனின் மேடை, தொலைக்காட்சி, விருது ஆகிய மூன்று நிலை வளர்ச்சியை இக்கட்டுரை தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகைக்களங்களைக் கொண்டு மதிப்பிடுகிறது. தமிழகத் தொலைக்காட்சியின் நகைச்சுவைப் போட்டிகளோடு அதனை ஒப்பிட்டு, தனிமேடை நகைச்சுவை ஓரிடத்தில் நிலைத்த கலையாகவும் மற்றோரிடத்தில் திரைப்படத்துக்கான ஏணியாகவும் அமைவதன் காரணங்களைக் காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், பேதைமை, மடன், தனிமேடை நகைச்சுவை, புலம்பெயர் தமிழர், தொலைக்காட்சி, விருது.

முன்னுரை

ஒருவர் தனியே நின்று பேசி அவையைச் சிரிக்கவைத்தல் தமிழுக்குப் புதிதன்று. தெருக்கூத்தின் கட்டியங்காரன் கதைக்கு உள்ளும் புறமும் நின்று அவையோடு நேரடியாகப் பேசுகிறான். வில்லுப்பாட்டின் புலவர் கதையை நிறுத்தி ஊர் நடப்பைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கதாகாலட்சேப வடிவத்தையே நகைக்கும் சீர்திருத்தத்துக்கும் உரிய கருவியாக்கினார். பட்டிமன்ற நடுவரின் புகழில் பாதி அவரது நகைச்சுவையால் வருவதாகும். எனினும் இவை அனைத்திலும் நகை ஒரு பெருவடிவத்தின் உறுப்பாகவே அமைந்தது. கதை, வாதம், பாட்டு ஆகியவற்றின் துணையின்றி, தன் வாழ்வை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒருவர் ஒரு மணி நேரம் பேசும் வடிவம் பிற்காலத்தது.

இவ்வடிவத்தில் உலக அளவில் அறியப்பட்ட தமிழ் மரபினருள் ஒருவர் ரொமேஷ் ரங்கநாதன். அவர் தமிழில் ஆற்றுகை செய்பவர் அல்லர். ஆங்கிலமே அவர் மேடை மொழி. அக்காரணத்தால் அவரைத் தமிழ் ஆய்வின் எல்லைக்கு வெளியே வைத்தல் எளிது. ஆனால் மொழி கைநழுவிய பின்னும் குடும்பம், உறவு, தாயின் கண்டிப்பு, மூதாதையர் நிலம் ஆகியவை ஒருவரின் நகையில் எவ்வாறு எஞ்சி நிற்கின்றன என்பது தமிழ் ஆய்வு விடை காண வேண்டிய வினாவே ஆகும்.

மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சுட்டுகிறார். எள்ளல் இகழ்ந்து நகுதல். இளமை முதிராமை காரணமாகப் பிறப்பது. பேதைமை அறியாமை. மடன் என்பதற்குப் பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என உரைமரபு பொருள் கூறும். பேராசிரியர் தம் உரையில், இக்களங்கள் பிறரிடத்து மட்டுமன்றித் தன்னிடத்தும் தோன்றும் என்கிறார். பிறரை எள்ளி நகுதல் ஒருவகை. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொருவகை.

தன்கண், பிறன்கண் என்னும் இப்பகுப்பு இன்றைய தனிமேடை நகைச்சுவையை அளப்பதற்குப் பெரிதும் பொருந்துகிறது. மேடையில் நிற்பவர் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார் என்னும் வினாவே இக்கலையின் அழகியலையும் அறத்தையும் ஒருங்கே தீர்மானிக்கிறது. பலகுரல் கலைஞர் பிறர் குரலை ஏற்கிறார். அவரது நகை படர்க்கையைச் சார்ந்தது. தனிமேடைக் கலைஞர் தன் குரலில் பேசுகிறார். அவரது நகை தன்மையைச் சார்ந்தது. இவ்வேறுபாடு பின்னர் விரிவாகக் காணப்பெறும்.

வகுப்பறையிலிருந்து மேடைக்கு

ரொமேஷ் 1978ஆம் ஆண்டு மேற்கு சசெக்ஸ் பகுதியின் கிராலி நகரில் பிறந்தார். மேடைக்கு முழுமையாக வருமுன் அந்நகரிலேயே கணித ஆசிரியராகப் பணியாற்றினார். எடின்பரோ விளிம்பு விழாவில் அவர் வழங்கிய ‘ராம் காம்’ என்னும் நிகழ்ச்சி 2013ஆம் ஆண்டு அவ்விழாவின் நகைச்சுவை விருதுகளில் சிறந்த புதுமுகம் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ‘ராம் வாஸின்ட் பில்ட் இன் எ டே’ சிறந்த நிகழ்ச்சிக்கான முதன்மை விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. இரண்டிலும் விருது அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் பெற்ற பரிந்துரைகள் அவரைத் தொலைக்காட்சியின் கவனத்துக்குக் கொண்டுசென்றன.

இங்கு விருதின் இயல்பு நோக்கத்தக்கது. எடின்பரோ விளிம்பு விழா 1947இல் தொடங்கியது. அதன் நகைச்சுவை விருது 1981 முதல் வழங்கப்படுகிறது. அவ்விருது ஒருவரின் ஒட்டுமொத்தப் புகழுக்கு அளிக்கப்படுவதன்று; அவ்வாண்டு வழங்கிய ஒரு நிகழ்ச்சிக்கு அளிக்கப்படுவது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் ஆற்றுகை, நூலொன்றைப் போலத் தலைப்பும் தொடக்கமும் முடிவும் உடைய படைப்பாகக் கருதப்படுகிறது. ஆண்டுதோறும் புதிய படைப்பைக் கொண்டுவர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு கலைஞரைத் தன் வாழ்விலிருந்தே பொருள் தேடச் செய்கிறது. ஐந்து நிமிடத்துக்குப் பிறரைப் போலப் பேசிக் காட்டலாம்; ஒரு மணி நேரத்துக்குத் தன்னைத்தான் சொல்லியாக வேண்டும். ஆகவே வடிவத்தின் நீளமே தன்கண் நகைக்கு வழிவகுக்கிறது எனலாம்.

தாயின் முன் மகன்: இளமையும் பேதைமையும்

2015ஆம் ஆண்டு பிபிசி த்ரீ அலைவரிசையில் வெளிவந்த ‘ஏசியன் ப்ரொவகேட்டர்’ ரொமேஷின் தொலைக்காட்சி வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. மூதாதையர் நாட்டைப் பற்றி மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று குறைப்படும் தாய் அவரை இலங்கைக்கு அனுப்புகிறார் என்பதே நிகழ்ச்சியின் அடிப்படை. 2016இல் வெளிவந்த இரண்டாம் தொடரில் தாயும் மகனும் அமெரிக்காவிலுள்ள உறவினரை நோக்கிப் பயணம் செய்கின்றனர்.

இத்தொடரில் நகை பிறக்கும் முதற்களம் இளமை. முப்பத்தைந்து வயதைக் கடந்த, பிள்ளைகளுக்குத் தந்தையான ஒருவர் தாயின் முன் மீண்டும் சிறுவனாகிறார். தமிழ்க் குடும்ப அமைப்பை அறிந்தோர்க்கு இவ்வுறவின் நுட்பம் விளக்கமின்றியே புலப்படும். ஊரார் முன் மதிப்புடன் திகழ்பவனை வீட்டுக்குள் ஒரே சொல்லால் சிறுவனாக்கிவிடும் ஆற்றல் தாய்க்கு உண்டு. அத்தாய் ஆங்கில நகைச்சுவை மரபில் காணப்படும் கேலிக்குரிய புலம்பெயர் பெற்றோர் அல்லர். மகனைத் திருத்தும் அதிகாரம் அவரிடமே உள்ளது. அவை பல இடங்களில் மகனோடு சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவரோடு சேர்ந்து மகனைப் பார்த்துச் சிரிக்கிறது.

இரண்டாம் களம் பேதைமை. மரபை அறியாமை என்பது புலம்பெயர் இலக்கியத்தில் பெரும்பாலும் இழப்பாகவும் ஏக்கமாகவும் பதிவாகிறது. ரொமேஷிடம் அது நாணமாகவும் நகையாகவும் வெளிப்படுகிறது. அறியாதவன் தான் என்பதை அவர் மறைப்பதில்லை. மரபு அறியத் தகுதியற்றது என்றும் சொல்வதில்லை. அழுகைக்குரிய பொருளே நகைக்குரிய பொருளாக மாறும் இவ்விடம் மெய்ப்பாட்டியல் நோக்கில் தனித்து ஆராயத்தக்கது.

எனினும் இதில் ஓர் இடர் உண்டு. இந்நிகழ்ச்சியைக் காண்போரில் பெரும்பான்மையினர் தமிழரல்லாதோர். ஒருவர் தன் மரபை அறியாமல் தடுமாறுவது, அம்மரபே விந்தையானது என்னும் எண்ணத்தை அந்நோக்கர்க்கு ஊட்டிவிடக்கூடும். தன்கண் எள்ளல், அதைக் காண்பவர் கண்ணில் பிறன்கண் எள்ளலாகத் திரிந்துவிடுகிறது. ஒரே சிரிப்பு வீட்டுக்குள் ஒன்றாகவும் வீதியில் வேறொன்றாகவும் பொருள்படுகிறது. சிறுபான்மைக் கலைஞர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் இச்சிக்கலை ரொமேஷ் முழுமையாகத் தீர்த்துவிட்டார் எனக் கூறுவதற்கில்லை. தாய்க்கு அவர் அளித்த இடமே அச்சிக்கலைப் பெருமளவு தணிக்கிறது.

பயணியின் மடன்

2018இல் பிபிசி டூ அலைவரிசையில் தொடங்கிய ‘தி மிஸ்அட்வென்சர்ஸ் ஆஃப் ரொமேஷ் ரங்கநாதன்’ நகையின் களத்தை விரிவாக்கியது. முதல் தொடரில் அவர் சென்ற நாடுகள் ஹெய்ட்டி, எத்தியோப்பியா, அல்பேனியா. சுற்றுலாப் பயணியர் பொதுவாக விரும்பித் தெரிவு செய்யாத நாடுகள் என்பதே அவற்றைத் தேர்ந்ததன் அடிப்படை.

இங்கு மடன் என்னும் களம் முழுமையாகச் செயற்படக் காணலாம். பசி, போர், பேரிடர் எனச் செய்தி ஊடகம் கொளுத்திய படிமங்களைக் கொண்டு, கொண்டதை விடாத மனத்தோடு பயணி புறப்படுகிறார். அந்நாட்டு மக்கள் அவரை அழைத்துச் சென்று தம் வாழ்வைக் காட்டக் காட்ட, அம்மடன் தளர்கிறது. ஆங்கிலப் பயண நிகழ்ச்சிகளில் நெடுங்காலமாக நகைக்குரியோராக இருந்தவர்கள் பயணத்துக்கு உள்ளான மக்களே. ரொமேஷிடம் பயணியே நகைக்குரியவராகிறார். வந்தவரின் அச்சமும் வசதி விருப்பமும் முன்முடிவும் சிரிப்புக்கு உள்ளாகின்றன. ஒரு காலத்தில் பேரரசாக இருந்த நாட்டின் தொலைக்காட்சியில், அப்பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தீவிலிருந்து வந்த குடும்பத்தின் மகன் இப்பார்வைத் திருப்பத்தை நிகழ்த்துவது தற்செயலன்று.

இந்நிகழ்ச்சிக்கு 2020ஆம் ஆண்டு பாஃப்டா எனப்படும் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைகள் கழகத்தின் விருது கிடைத்தது. ‘தி ரங்கநேஷன்’ நிகழ்ச்சிக்காக 2021இல் பொழுதுபோக்கு நிகழ்த்துநருக்கான பாஃப்டா விருதையும் அவர் பெற்றார். தம் குடும்பப் பெயரையும் நாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பிணைத்து அமைந்த அத்தலைப்பு கருதத்தக்கது. பொதுமக்கள் இருபத்தைவர் அவ்வாரச் செய்திகளைப் பற்றிப் பேச, அவர்களுக்கு நடுவராக அமர்பவர் ரங்கநாதன். ஆங்கிலேயர் நாவுக்குச் சற்றே நீளமான ஒரு தமிழ்ப் பெயர், அந்நாட்டு மக்கள் தம்மைப் பற்றித் தாமே பேசிக்கொள்ளும் அவைக்குப் பெயராயிற்று.

பெருக்கமும் தேய்வும்

விருதுகளுக்குப் பின் ரொமேஷின் தொலைக்காட்சி இருப்பு மிகவும் விரிந்தது. 2021 இறுதியில் ‘வீக்கஸ்ட் லிங்க்’ வினாவிடை நிகழ்ச்சியின் நெறியாளரானார். தந்தையின் மதுவிடுதியை ஏற்று நடத்தும் மகனைப் பற்றிய ‘தி ரிலக்டன்ட் லேண்ட்லார்ட்’ (2018–2019) முதலிய தொடர்களில் எழுத்தாளராகவும் நடிகராகவும் பங்கேற்றார். ‘தி சினிக்’ ஆற்றுகை 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானது. ‘ஹஸில்’ என்னும் சுற்றுப்பயணம் அவரைப் பெருங்கூட்டம் கொள்ளும் அரங்குகளுக்குக் கொண்டுசென்றது.

இப்பெருக்கத்தில் ஒரு தேய்வும் உண்டு. ‘வீக்கஸ்ட் லிங்க்’ முதலில் 2000ஆம் ஆண்டு வெளிவந்தபோது, தோற்றவரை நெறியாளர் ஆன் ராபின்சன் சுடுசொல்லால் இகழ்ந்து அனுப்புவதே அதன் அடையாளமாக இருந்தது. அமைப்பே பிறன்கண் எள்ளலின் மேல் எழுந்தது. ரொமேஷ் அவ்விகழ்ச்சியைத் தணித்து, சலிப்பும் தன்னிரக்கமும் கலந்த தம் இயல்பை அதில் ஏற்றினார். ஆயினும் நிகழ்ச்சியின் கட்டமைப்பு அவர்க்குத் தம் வாழ்வைச் சொல்ல இடந்தருவதில்லை. மேடையில் வாழ்விலிருந்து பிறந்த எரிச்சல், வினாவிடை அரங்கில் ஒரு முத்திரையாகச் சுருங்குகிறது. முத்திரை விலைபோகும், வளராது.

அவர் இவ்விடரைத் தாண்டும் வழி மேடையே. தொலைக்காட்சிப் புகழ் உச்சம் தொட்ட பின்னரும் புதிய ஆற்றுகையை உருவாக்கிச் சுற்றுப்பயணம் செல்வதை அவர் நிறுத்தவில்லை. தொலைக்காட்சி அவையைத் திரட்டித் தருகிறது; மேடை பொருளைப் புதுப்பிக்கிறது. இச்சுழற்சி அறுந்தால் கலைஞர் வெறும் முகமாகிவிடுவார்.

தமிழகத் தொலைக்காட்சி: ஏணியும் ஏறியவரும்

தமிழகத்தில் இச்சுழற்சி வேறு வகையில் அமைந்தது. விஜய் தொலைக்காட்சியின் ‘கலக்கப்போவது யாரு’, சன் தொலைக்காட்சியின் ‘அசத்தப்போவது யாரு’ ஆகியன நகைச்சுவைக் கலைஞர் ஒரு தலைமுறையையே உருவாக்கின. ஆனால் அவற்றின் வடிவம் போட்டி. சில நிமிடச் சுற்று, நடுவரின் உடனடித் தீர்ப்பு, திரைப்பட நடிகரின் குரலை ஏற்றல், வேடமிடுதல் ஆகியவை அதன் உறுப்புகள். ‘அது இது எது’ நிகழ்ச்சியின் ‘சிரிச்சா போச்சு’ சுற்றில் சிரிக்காதிருத்தலே வெற்றியாக வைக்கப்பட்டது. இவ்வடிவத்தில் கலைஞர் தன் வாழ்வைச் சொல்லப் பொழுதில்லை. உடற்பருமன், நிறம், பெண்வேடம் ஆகியவற்றைச் சார்ந்த பிறன்கண் எள்ளல் எளிதில் பயன்தரும் முதலாயிற்று.

‘கலக்கப்போவது யாரு’ மூன்றாம் பருவத்தில் பலகுரல் கலைஞராக வென்ற சிவகார்த்திகேயன் நெறியாளராகி, 2012இல் ‘மெரினா’ திரைப்படத்தின் வழி நாயகரானார். ‘லொள்ளு சபா’வில் புகழ்பெற்ற சந்தானம் திரைப்பட நகைச்சுவை நடிகராகிப் பின்னர் நாயகரானார். இருவர் ஏற்றமும் அவர்தம் திறனுக்குச் சான்று. ஆனால் ஏறிய பின் ஏணியின் பக்கம் திரும்ப வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. மேடையைத் தொடர்ந்து கைக்கொண்ட மதுரை முத்து போன்றோர் சிலரே.

விருதும் இவ்வழியே செல்கிறது. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் நகைச்சுவை நடிகர்க்குத் தனிப்பிரிவு உண்டு. இயல் இசை நாடக மன்றத்தின் கலைமாமணி விருது ஒருவரின் கலைப்பணி முழுமைக்கும் உரியது. ஓராண்டில் ஒருவர் மேடையில் வழங்கிய ஒரு குறிப்பிட்ட நகைச்சுவை ஆற்றுகையைப் படைப்பாகக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் இங்கு வேரூன்றவில்லை. மதிப்பிடப்படாத வடிவம் தங்குமிடமாக முடியாது.

மாற்றத்துக்கான அறிகுறிகள் இல்லாமலில்லை. 2019இல் அமேசான் பிரைம் தளத்தில் வெளியான அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’, திரையிசையையும் தன் வாழ்வையும் பின்னித் தமிழில் ஒரு முழுநீள ஆற்றுகை இயலும் என்பதைக் காட்டியது. பாடகர் குரலை ஏற்கும் இடங்களிலும் அவரது நோக்கம் அப்பாடல்களோடு வளர்ந்த தன்னைச் சொல்வதே. படர்க்கைக் குரல் தன்மைக்குப் பணிசெய்யும் இவ்வமைப்பு, பலகுரல் மரபுக்கும் தனிமேடைக்கும் இடையிலான பாலமாகக் கருதத்தக்கது. அடுத்த ஆண்டு அதே தளத்தில் வந்த ‘காமிக்ஸ்தான் செம காமெடி பா’ தமிழ்த் தனிமேடைக் கலைஞர் பலரை அறிமுகப்படுத்தியது.

அணுகலும் சமனும்

இவ்வொப்பீட்டைத் தொலைக்காட்சிப் போட்டிகளுக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்வது முறையன்று. எடின்பரோ விழாவில் பங்கேற்கும் கலைஞர் பலர் அரங்குக்கும் தங்குமிடத்துக்கும் தம் கைப்பொருளைச் செலவிட வேண்டியுள்ளது. அவ்வாயில் வசதியற்றோர்க்கு எளிதில் திறப்பதில்லை. சென்னையின் தனிமேடை நகைச்சுவையும் தொடக்கத்தில் ஆங்கிலம் அறிந்த, நுழைவுக்கட்டணம் செலுத்தவல்ல நகர அவையையே சார்ந்திருந்தது. மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழில் ஊர்களில் பணிமுறை முடித்து வீடு திரும்புவோர்க்கு நகைச்சுவைக் கலைஞர் அறிமுகமானது கட்டணமில்லா மேடைகள் வழியும் தொலைக்காட்சி வழியுமே. ஆங்கிலமும் அறிமுகமும் இல்லாத சிற்றூர் இளைஞர்க்கு அப்போட்டிகள் கதவு திறந்தன. அக்கதவுக்கு அப்பால் திரைப்படம் தவிர வேறோர் அறை கட்டப்படவில்லை என்பதே குறை.

முடிவுரை

ரொமேஷ் ரங்கநாதனின் வளர்ச்சி தனிமனித வெற்றி மட்டுமன்று. ஒரு மணி நேர ஆற்றுகையைப் படைப்பாக மதிக்கும் விருது, அவ்விருதைக் கவனிக்கும் தொலைக்காட்சி, தொலைக்காட்சிக்குப் பின்னும் அழைக்கும் மேடை ஆகிய மூன்றும் இணைந்த அமைப்பு அதைத் தாங்கி நிற்கிறது. அவ்வமைப்புக்குள் அவர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு களங்களையும் பெரும்பாலும் தன்கண் நிகழ்த்துகிறார். அவரது சிறந்த ஆக்கங்கள் தாய்க்கும் பயணத்தில் சந்தித்த மக்களுக்கும் தன்னைவிட உயர்ந்த இடம் அளித்தவை; தளர்ந்த ஆக்கங்கள் அவரை ஒரு முத்திரையாக நிறுத்தியவை.

தமிழில் இக்கலைக்குத் திறனாளர் குறைவில்லை, அவையும் குறைவில்லை. குறைந்திருப்பது மதிப்பீடு. நாடகத்துக்கும் கூத்துக்கும் உரிய திறனாய்வு முறைகளைத் தமிழ் ஆய்வுலகம் வளர்த்துக்கொண்டது போல, தனிமேடை ஆற்றுகைக்கும் வளர்த்துக்கொள்ள இயலும். எந்தக் களத்தில் நகை பிறக்கிறது, அது தன்கண்ணதா பிறன்கண்ணதா, சிரித்தபின் அவையில் எவர் சிறுமைப்பட்டு நிற்கிறார் என்னும் மூன்று வினாக்கள் அம்முயற்சிக்குப் போதிய தொடக்கமாகும். அவற்றைக் கேட்பதற்கான கருவிகளைத் தொல்காப்பியரும் பேராசிரியரும் முன்னரே வகுத்துத் தந்துள்ளனர்.